பயப் பூட்டு

டாக்டர் தனுஷ்கோடி நடுங்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அவன் சாக வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. சாவு என்ன பெரிய தண்டனை, வந்த சுருக்கில் முடிந்துவிடும். என் புருஷன் மாரிக்கனி உடம்பெல்லாம் வெந்து, வாழையிலையில் கிடந்து, மூன்றாம் நாள்தான் போய்ச் சேர்ந்தான். அவன் சாவுக்குக் காரணமான மனுஷன் கோர்ட்டில் ஒவ்வொரு வாய்தாவுக்கும் சலவைச் சட்டையில் வந்து இறங்கி, எங்களைப் பார்த்து வணக்கம் வேறு சொல்வான். அந்த வணக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் பெயர் முனீஸ்வரி. சிவகாசிக்குப் பக்கத்தில் தனுஷ்கோடியின் பட்டாசு ஆலையில் நானும் மாரிக்கனியும் வேலை பார்த்தோம். நான் திரி அறை, அவன் வெடிமருந்து கலக்கும் அறை. எங்கள் தொழிலில் கலவைக்காரனுக்கு இரண்டு விஷயம் முக்கியம். ஒன்று கை. கை நடுங்கிச் சல்லடை உரசினால் தீ. இன்னொன்று கால். மருந்து சுர்ரென்று சீறினால் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓட வேண்டும். அணைக்கப் பார்க்கக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது. கலவை அறையின் கதவுகள் எல்லாம் வெளிப்பக்கம் திறப்பதற்குக் காரணமே அதுதான்.

தனுஷ்கோடி முதலாளி வீட்டுப் பிள்ளை. வெளிநாட்டில் மூளை ஆராய்ச்சி செய்துவிட்டு, அப்பா போனதும் ஆலையைப் பார்க்க வந்தான். வரும்போது நிதான ஊசியைக் கொண்டுவந்தான். ஒரே ஒரு தடவை போட்டால் போதும், கை நடுங்காது, விபத்து குறையும் என்றான். எங்கள் பக்கத்து ஆலைகளில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக எது வந்தாலும் முதலாளி கைதான் முதலில் பட வேண்டும். தீபாவளி கழிந்து வேலை தொடங்கும் நாளில் முதல் சல்லடை மருந்தை முதலாளிதான் சலிப்பார். அந்த வழக்கப்படி முதல் ஊசியைத் தனுஷ்கோடியே எங்கள் எல்லார் முன்னாலும் போட்டுக்கொண்டான். அதற்குப் பிறகு யாருக்கு என்ன சந்தேகம் வரும்? சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வரிசையில் நின்றோம்.

ஊசி பொய்யில்லை. கை நடுக்கம் நின்றது. கூடவே பயமும் போனது. தெருநாய்க்குப் பயமில்லை, போர்மேனுக்குப் பயமில்லை. மாமியாரிடமே எதிர்த்துப் பேசினேன், கிழவி ஆடிப்போனாள். நானும் மாரிக்கனியும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.

அப்புறம் ஒரு நாள் காலையில் கலவை அறையில் மருந்து சீறியது. இரண்டு பேர் வாசலைத் தாண்டி ஓடிவிட்டார்கள். மாரிக்கனி ஓடவில்லை. நின்று, நிதானமாக, மண் வாளியைத் தூக்கி மருந்தின் மேல் கொட்டப் போயிருக்கிறான். சத்தம் கேட்டு எல்லாரும் வெளியே ஓட, நான் அந்தப் புகையைப் பார்த்து நடந்து போனேன். ஓடக்கூட இல்லை, நடந்து போனேன்.

ஆஸ்பத்திரியில் அவன் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று. "ஓடணும்னு தெரியும் முனீசு. ஆனா ஓடணும்போல இல்ல."

மாரிக்கனிக்கு ஒரே அக்கா, பாண்டிமீனா. எனக்கு மதினி. மதுரையில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் மூளை செல்களைப் பற்றித்தான் அவளுக்கு வேலை. தம்பி இறந்த அன்று அவள் ஒப்பாரியில் உட்காரவில்லை. என்னைத் தனியே கூப்பிட்டு, "அவன் மூளைய எனக்குக் குடு தாயி" என்றாள். சொந்தக்காரர்கள் அவளைப் பேய் என்றும் பிசாசு என்றும் ஏசினார்கள். நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

சில மாதம் கழித்து என்னை மதுரைக்கு வரச் சொன்னாள். கேன்டீனில் டீ வாங்கிக் கொடுத்து, பிள்ளைக்குப் பாடம் சொல்வதுபோல மெதுவாக ஆரம்பித்தாள்.

"நம்ம ஒடம்புல எல்லா செல்லுக்குள்ளயும் ஒரே ஜீன்கதான் முனீஸ். பயம் வந்தா கைய நடுங்க வைக்கிற செல்லு ஒண்ணு இருக்கு. கால ஓட வைக்கிற செல்லு இன்னொண்ணு. மூளைக்குள்ள பாதாம்பருப்புக் கணக்கா ஒரு எடம், அதுல ரெண்டும் பக்கத்துல பக்கத்துல கெடக்கும். உள்ள இருக்குற சரக்கு ஒண்ணுதான்."

"சரக்கு ஒண்ணுன்னா வேற வேற வேலை எப்படிப் பாக்கும்?"

"பூட்டுதான் காரணம். எந்த ஜீன் பூட்டிக் கெடக்கு, எது தொறந்து கெடக்குங்கிறது ஒவ்வொரு வகை செல்லுலயும் மாறும். அந்தப் பூட்டு வரிசையப் பாத்தே இது இன்ன வகை செல்லுன்னு சொல்லிரலாம். பூட்டுக்குப் பேரு மெத்தில். ஒரு கரி, மூணு ஹைட்ரஜன், அம்புட்டுத்தான்."

"நம்ம மருந்துல போடுற கரியா மதினி?"

"அதே கரிதான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் கரியைச் சலித்துச் சலித்துத்தான் மாரிக்கனியின் நகமெல்லாம் கறுத்துக் கிடந்தது.

"உங்க டாக்டர் நடுக்க செல்லுல ஒரே ஒரு ஜீனப் பூட்ட நெனச்சான்" என்றாள் மதினி. "யோசனை நல்ல யோசனைதான். ஆனா அதே ஜீன் ஓட்ட செல்லுலயும் இருக்கு, அங்க அது தொறந்தே இருக்கணும். ஊசி எப்படி வித்தியாசம் கண்டுபிடிக்கும்? ஏற்கெனவே இருக்குற பூட்டு வரிசைய வச்சுத்தான். சில பேருக்கு ரெண்டு வகையோட வரிசையும் ஒண்ணுபோலவே இருக்கும். அவுகளுக்கு ஊசி ஏமாந்து போயி ரெண்டுலயும் பூட்டிரும்."

"அப்ப ஒங்க தம்பிக்கு?"

"ரெண்டுலயும் விழுந்திருக்கு. நான் ஒவ்வொரு செல்லாப் பிரிச்சுப் பாத்தேன்." டீ டம்ளரைத் தள்ளி வைத்தாள். "எந் தம்பி மூளைய எங் கையாலயே பிரிச்சுப் பாத்தேன் முனீஸ்."

அந்தப் பூட்டு நாளாக நாளாகத் தானே போகாதா என்று கேட்டேன். தோல் என்றால் பழையது உதிர்ந்து புதுசு வரும், மூளை செல் அப்படி இல்லை, போட்டது போட்டதுதான் என்றாள்.

"அப்ப எனக்கு?"

"போன மாசம் ரயில்வே கேட்டுல உன்னையப் புடிச்சு இழுத்தேனே, நெனவிருக்கா? ரயில் ஹாரன் அடிச்சுக்கிட்டு வருது, நீ பூக்காரிகிட்ட பேரம் பேசிக்கிட்டே தண்டவாளத்துல நிக்குற. ஒனக்கும் ரெண்டுலயும்தான். ஆலைல இன்னும் எத்தனை பேருக்கோ."

பூட்டைத் திறக்கும் ஊசி ஒன்றை அவள் யாருக்கும் தெரியாமல் செய்துகொண்டிருந்தாள். எலிக்குப் பலித்துவிட்டது. மனுஷருக்குப் போட அரசாங்கம் அனுமதிக்க வேண்டும். கோர்ட் நிதான ஊசியைத் தடை செய்தால் அனுமதி தானாக வரும், ஆலையில் எல்லாருக்கும் திறந்துவிடலாம். ஊசிக்குத் தடை கேட்டு நாங்கள் போட்டிருந்த வழக்கில் மிச்சம் இருந்தது ஒரே கேள்வி. பூட்டு இடம் மாறி விழும் என்று தனுஷ்கோடிக்கு முன்னாலேயே தெரியுமா, தெரியாதா?

அதை அவனிடமே கேட்டுவிடலாம் என்று நான் சொன்னேன். மதினி தயங்கினாள். எனக்கு என்ன தயக்கம்? அவளையும் கூட்டிக்கொண்டு நேரே அவன் பங்களாவுக்குப் போய் மணியை அடித்தேன்.

அவனே வந்து கதவைத் திறந்து, உட்காரச் சொல்லி, காப்பி கொண்டுவரச் சொன்னான். மதினி கேட்டதும் ஒளிவு மறைவில்லாமல் பதில் சொன்னான்.

"தெரியும்மா. ரெண்டாவது சோதனையிலயே தெரிஞ்சிருச்சு. சரி பண்ண ரெண்டு வருஷம் ஆகும்னாங்க. கொஞ்சப் பேருக்குத்தானே அப்படி ஆகுது, பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்."

"பயமா இல்லையா ஒங்களுக்கு?" என்று கேட்டாள் மதினி.

"எப்படி இருக்கும்? மொத ஊசி நான்தானே போட்டுக்கிட்டேன்." சிரித்தான். "கோர்ட்லயும் இதைத்தான் சொல்லப் போறேன். வக்கீல் வேண்டாங்கறாரு. மறைச்சு என்ன ஆகப் போகுது? ஜெயில்னா ஜெயில்."

இதையெல்லாம் பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொன்னான். நடுவில் என் பக்கம் திரும்பி, காப்பிக்குச் சர்க்கரை போதுமா என்று வேறு கேட்டான். அந்த டம்ளரை அவன் மூஞ்சியில் வீசாமல் எப்படி எழுந்து வந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

திரும்பி வரும்போது மதினிக்குக் கால் தரையில் பாவவில்லை. "சொல்லிருவான் முனீஸ். அவன் வாயாலயே சொல்லிருவான். இனிமே ஒருத்தரும் சாக வேண்டாம்."

"அவன் சொல்றது எனக்குப் பத்தாது மதினி."

"பின்ன?"

"நடுங்கிக்கிட்டே சொல்லணும். நாக்கு ஒட்டணும், முழங்கால் ஆடணும். எம் புருஷனக் கொன்னேன்னு சொல்றப்ப அவனுக்குக் குலை நடுங்கணும். ஒங்க ஊசிய அவனுக்குப் போடுங்க."

அவள் மாட்டவே மாட்டேன் என்றாள். சாட்சி சொல்லட்டும், தீர்ப்பு வரட்டும், அப்புறம் என்ன வேண்டுமானாலும் செய் என்றாள். தீர்ப்புக்கு அப்புறம் அவன் நடுங்கி யாருக்கு என்ன? நான் விடவில்லை. வீட்டுக்கு வந்தும் விடவில்லை, மறுநாளும் விடவில்லை. அந்த ஊசிதான் பயத்தை மட்டும் பூட்டியிருந்தது, கோபத்தைப் பூட்டவில்லையே. தடுத்து நிறுத்த ஆள் இல்லாமல் அது பாட்டுக்கு வளர்ந்துகொண்டே போனது. கடைசியில், "நீங்க போடலைன்னா அந்த ரயில்வே கேட்டுக்குப் போறேன், இந்தத் தடவை இழுக்க வராதீக" என்றேன். நான் வெறும் மிரட்டலுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே செய்துவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும்.

ஆனால் அவள் ஒத்துக்கொண்டது அதற்காக மட்டும் இல்லை. செத்தவன் அவள் தம்பி. அவளுக்கும் உள்ளே கொதித்துக்கொண்டுதான் இருந்தது. அனுமதியில்லாத ஊசியைப் போட்டால் வேலை போகும், ஜெயிலும் உண்டு என்கிற பயம்தான் அவளைப் பிடித்து வைத்திருந்தது.

மறுபடி பங்களாவுக்குப் போனோம். நானே பேசினேன். "பூட்டத் தொறக்குற ஊசி வந்திருக்கு. தொழிலாளிகளுக்கெல்லாம் போடப் போறோம். புதுசுன்னா மொத கை மொதலாளி கைதானே?"

"ஆமா, அதானே முறை" என்று சட்டைக் கையைச் சுருட்டினான். அனுமதி வாங்கியாச்சா, பக்க விளைவு உண்டா, ஒரு வார்த்தை கேட்கவில்லை. பயமில்லாதவனை ஏமாற்ற ஒரு சாமர்த்தியமும் தேவைப்படவில்லை. மதினியின் கைதான் ஆடியது. ஊசி குத்தும்போது அவன்தான், "மெதுவாப் போடுங்கம்மா, அவசரமில்ல" என்று அவளுக்குத் தைரியம் சொன்னான்.

அதற்கப்புறம் கோர்ட்டுக்குக் கோடை விடுமுறை. நான் வேலை முடிந்ததும் அவன் பங்களா இருக்கும் தெரு வழியாகத்தான் வீட்டுக்கு வருவேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு நாள் ஜன்னலெல்லாம் சாத்திக் கிடந்தது. இன்னொரு நாள் காரிலிருந்து இறங்கும்போது இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு இறங்கினான். கோயில் திருவிழாவில் வேட்டுப் போட்டபோது பட்டாசு ஆலை முதலாளி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடினான். அதை நான் கண்ணாரப் பார்த்தேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, புருஷன் செத்ததற்குப் பிறகு முதல் தடவையாக வயிறாரச் சாப்பிட்டேன்.

சென்னையிலிருந்து பெரிய வக்கீல் ஒருவரை அமர்த்தியிருக்கிறான் என்று கேள்விப்பட்டதும் மதினியின் முகம் செத்துப்போனது. எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. பயம் நன்றாகப் பிடித்துவிட்டது, இனி ஜட்ஜ் முன்னால் உளறிக் கொட்டுவான் என்று நினைத்தேன்.

கோர்ட் திறந்தது. தனுஷ்கோடி கூண்டில் ஏறினான். ஆளே பாதியாக இருந்தான், சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. தண்ணீர் கேட்டான். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தும் பாதி கீழே சிந்தியது. நான் முதல் வரிசையில் உட்கார்ந்து, வைத்த கண் வாங்காமல் பார்த்தேன். அவன் முழங்கால் ஆடியது. பார்த்துக்கோ மாரிக்கனி, நல்லாப் பார்த்துக்கோ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஜட்ஜ் கேட்டார். "இந்த மருந்து சில பேருக்கு, ஓடித் தப்பிக்கிற உணர்ச்சியையும் சேர்த்துத் தடுக்கும்னு உங்களுக்கு முன்னாலேயே தெரியுமா?"

அவன் வக்கீலைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். சட்டென்று கண்ணைக் கீழே இறக்கிக்கொண்டான்.

"தெரியாதுங்கய்யா."

"சோதனையில் எதுவும் தெரியவரலையா?"

"சத்தியமாத் தெரியாதுங்கய்யா. தெரிஞ்சிருந்தா எங்கப்பா காலத்துத் தொழிலாளிகளுக்கு நான் போடுவேனா?" என்று அழுதான்.

எனக்கு முதலில் புரியவே இல்லை. நடுங்குகிறான், நான் கேட்டதுபோலவே நடுங்குகிறான், ஆனால் வாயில் வேறு என்னமோ வருகிறதே என்று திகைத்துப்போய் மதினியைப் பார்த்தேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு என் காதில் சொன்னாள்.

"பயந்தவன் பொய் சொல்லுவான்டி. அதுகூடவா ஒனக்கு மறந்துபோச்சு?"

மறந்துதான் போயிருந்தது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் அடிக்குப் பயந்து நான் சொல்லாத பொய்யா? எல்லாம் ஞாபகம் இருக்கிறது, ஆனால் எவளோ ஒருத்திக்கு நடந்த மாதிரி இருக்கிறது. பயம் வந்தால் மனுஷன் நடுங்குவான் என்பது வரைக்கும்தான் நான் கணக்குப் போட்டிருந்தேன். நடுங்குகிறவன் அடுத்து என்ன செய்வான் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"பேசாம இரு முனீஸ்" என்று மதினி என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் உள்ளங்கை நனைந்திருந்தது. "வாயத் தொறந்துராத. வக்கீலக் கேட்டு அப்பீல் போவோம். வேற வழி பாப்போம்."

நான் கையை உதறிவிட்டு எழுந்தேன்.

"அய்யா, அவரு பொய் சொல்றாரு. தெரியும்னு எங்ககிட்ட அவரு வாயாலயே சொன்னாரு."

கோர்ட் சேவகர் உட்காரச் சொல்லி அதட்டினார். அதட்டினால் உட்காருகிற ஆளா நான்? ஜட்ஜ் அவரைக் கையமர்த்திவிட்டு, "எப்போ சொன்னார்?" என்று கேட்டார்.

"அவருக்குப் பூட்டு இருந்தப்ப."

"இப்போ இல்லையா?"

"இல்லங்கய்யா, தொறந்தாச்சு. அதனாலதான் பொய் சொல்றாரு."

"யார் திறந்தது?"

"எங்க மதினி" என்றேன். கையை நீட்டிக் காட்டினேன். "நான்தான் போடச் சொன்னேன். ஊசி அவுக செஞ்சது."

சென்னை வக்கீல் எழுந்தார். அவசரமே படவில்லை. தன் கட்சிக்காரரின் மூளையில் அனுமதியில்லாத மருந்தைச் செலுத்தியிருக்கிறார்கள், அதை அவர்களே ஒத்துக்கொள்கிறார்கள் என்றார். ஊசிக்கு முன்னால் சொன்னது பூட்டின் பேச்சு, ஊசிக்குப் பின்னால் சொன்னது இந்தப் பெண்களின் மருந்துப் பேச்சு, இரண்டையும் எப்படிச் சாட்சியாக எடுப்பது என்றார். ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அப்புறம், தனுஷ்கோடி சொன்ன எதையும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது, ஊசிக்குத் தடை கேட்ட மனு தள்ளுபடி என்றார். மதினியைக் காவலில் எடுத்து விசாரிக்கச் சொன்னார்.

தனுஷ்கோடி கூண்டிலிருந்து இறங்கி, வக்கீலின் கோட்டைப் பிடித்துக்கொண்டு, என் பக்கம் திரும்பாமல் ஒண்டி ஒண்டி வெளியே போனான். அவன் இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தான். அதைப் பார்த்து எனக்கு ஒரு நிம்மதியும் வரவில்லை. நாளைக் காலையில் கலவை அறைகளைத் திறப்பார்கள், நான் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஆட்கள் சல்லடையோடு போய் நிற்பார்கள், மருந்து சீறினாலும் அவர்களில் எத்தனையோ பேர் ஓட மாட்டார்கள்.

வாசலில் போலீஸ் வேன் நின்றது. இரண்டு பெண் போலீசுக்கு நடுவில் மதினி நடந்து வந்தாள். ஓடிப்போய், என்னையும் ஏற்றிக்கொள்ளச் சொல்லி அந்த ஏட்டம்மாவிடம் கேட்டேன். "ஒன் பேரையும் எழுதியாச்சு. கூப்பிடுறப்ப வா" என்று என்னை ஒதுக்கிவிட்டார்.

வேன் படியில் கால் வைத்த மதினி நின்று திரும்பினாள். அவள் திட்டவில்லை.

"எந்திரிச்சப்ப என்னைய நெனச்சுக்கூட ஒனக்குப் பயம் வரலியா முனீஸ்?"

"வரல மதினி" என்றேன். அவளிடம் நான் பொய் சொன்னதில்லை.

அவள் தலையை ஆட்டினாள். அந்தப் பயம் எனக்கு வர வேண்டும், இப்போதே வர வேண்டும் என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஆசைப்பட்டேன். அதற்கான ஊசியைச் செய்யத் தெரிந்த ஒரே ஆள் உள்ளே ஏறி உட்கார்ந்ததும், வேன் கதவைச் சாத்தினார்கள்.